பிரிவுப் பதற்றம்: அம்மா வேலைக்குச் செல்லும்போது அழும் குழந்தை

தாயையோ, தன்னை வளர்ப்பவரையோ பிரிய நேரும்போது குழந்தைக்கு உண்டாகும் அச்சம் பிரிவுப் பதற்றம் எனப்படும். ஏறத்தாழ 8 மாத வயதில் தோன்றும் இது, ஒன்று முதல் ஒன்றரை வயதில் மிகுந்து, 3 வயதையொட்டிப் பெரும்பாலும் தணிந்துவிடும். கண்ணுக்கு மறைந்தவர் எங்கோ இருக்கிறார் என்பது அவ்வயதில் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. எப்போது திரும்புவார் என்பது தெரிவதில்லை. ஆகவே இந்த அழுகை நோயன்று. வளர்ப்பில் குறை என்பதற்கு அடையாளமும் அன்று.

விடியற்கால ஜீப்

சிலமலை உள்ளிட்ட போடி வட்டார ஊர்களிலிருந்து பெண்கள் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். குழந்தை விழித்தால் அழும் என்பதால் ஓசையின்றிப் புறப்படுவதே வழக்கம். "சொல்லிட்டுக் கிளம்புனா ஜீப்ப விட்டுருவேன், டாக்டர்" என்று தாய்மார்கள் கூறுவதை அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் சிரமம் உண்மையானது. ஒரு நாள் கூலி அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும், தூங்கினால் அம்மா காணாமற்போவாள் என்று குழந்தை இதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பின்னர் இரவில் உறங்க மறுக்கும். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். மிட்டாய் வாங்கி வருவதாகப் பொய் சொல்லிச் செல்வதும் இதே விளைவைத் தரும்.

முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். விழிக்கும்போது அருகில் யார் இருப்பார், யார் சோறூட்டுவார், நீங்கள் எப்போது வருவீர்கள் என்ற மூன்றும் போதும். சிறு குழந்தைக்குக் கடிகார நேரம் புரியாது. "அங்கன்வாடி விட்டு வந்து, விளையாடி முடித்து, விளக்குப் போட்ட பிறகு அம்மா வருவேன்" என்பது புரியும். மழையாலோ மலைப்பாதைத் தடையாலோ ஜீப் தாமதமானால், கைப்பேசியில் குழந்தையிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் உடுத்திய பழைய சேலையைத் தலைமாட்டில் வைத்துச் செல்வதும் உதவும்.

காலையில் குழந்தை விழித்துக்கொண்டால் அணைத்து, "போயிட்டு வரேன்" என்று ஒருமுறை சொல்லிப் புறப்படுங்கள். (நம் வழக்கில் யாரும் "போறேன்" என்பதில்லை, திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்கிறோம்.) வாசல்வரை சென்று மீண்டும் மீண்டும் திரும்பி வருவது அழுகையை நீட்டிக்கும். தொடக்கத்தில் சில நாட்கள் அழுகை கூடலாம். அதற்காகப் பழைய முறைக்கு மாறவேண்டாம்.

பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாச்சியோ அப்பத்தாவோதான் இதில் பெரும்பங்கு வகிக்கின்றனர். "அழுதா அம்மா வரமாட்டா", "பூச்சாண்டிகிட்ட குடுத்துருவேன்" என்பன அச்சத்தை வளர்க்கும் சொற்கள். "அம்மாவைத் தேடுதா? சாயங்காலம் வந்துருவா" என்று ஏற்றுக்கொண்டு, பிறகு விளையாட்டில் ஈடுபடுத்துவதே போதுமானது.

எப்போது மருத்துவரிடம் காட்டவேண்டும்?

வயதுக்கு மீறிய அச்சம் 4 வாரங்களுக்கு மேல் நீடித்து, பள்ளி, உறக்கம், விளையாட்டு ஆகியவற்றைக் கெடுத்தால் அது பிரிவுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். தனியே உறங்க மறுத்தல், பிரிவு பற்றிய கெட்ட கனவு, பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, தலைவலி அல்லது வாந்தி ஆகியவை காணப்படும். அந்த வயிற்றுவலி நடிப்பன்று. குழந்தை உண்மையிலேயே வலியை உணர்கிறது. காய்ச்சல், எடைக்குறைவு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், இரவில் எழுப்பும் வலி ஆகியன இருந்தால் முதலில் உடல்நோய்க்கான பரிசோதனை தேவை.

பள்ளி வயதுக் குழந்தைகள் பெற்றோருக்கு ஆபத்து நேருமோ என அஞ்சுவர். 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையில் ஜீப் விபத்துச் செய்தி வரும் ஊரில் இது வீண்பயமும் அன்று. "ஒன்றும் ஆகாது" என்று மழுப்பாமல், குழந்தை சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். ஜீப்பில் யாருடன் செல்கிறீர்கள், தோட்டம் சேர்ந்ததும் யாரிடம் தெரிவிப்பீர்கள் என்று விளக்குங்கள். விபத்துக் காணொளிகளைக் குழந்தை முன் பார்க்கவேண்டாம்.

பள்ளிக்குச் செல்ல மறுக்கும் குழந்தையை நெடுநாள் வீட்டில் நிறுத்தினால் திரும்ப அனுப்புவது கடினமாகும். ஆசிரியரிடம் பேசி, வாசலில் அவரே வரவேற்கும்படி கேளுங்கள். தொடக்கத்தில் அரை நாள் அனுப்பினாலும் நன்று. ஆனால் குறிப்பிட்ட ஒரு நபரையோ, வீட்டையோ, வகுப்பையோ கண்டு மட்டும் திடீரென அஞ்சினால் அதைப் பிரிவுப் பதற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். துன்புறுத்தல் நிகழ்ந்திருக்கக்கூடும், தனிமையில் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

சிகிச்சை

பேச்சு வழிச் சிகிச்சையும் பெற்றோருக்கான பயிற்சியுமே முதன்மையானவை. அச்சத்தைச் சிறு படிகளாக எதிர்கொள்ளக் குழந்தைக்குக் கற்பிக்கப்படும். மருந்து சிலருக்கே தேவைப்படும். அதை மனநல மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மருந்துக்கடையில் கேட்டு உறக்க மருந்து கொடுப்பது ஆபத்தானது.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமோ முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைப்பர். நேரில் வர இயலாத தோட்டத் தொழிலாளர்கள் 14416 என்ற கட்டணமில்லா மனநல ஆலோசனை எண்ணைத் தமிழிலேயே, எந்நேரமும் அழைக்கலாம். இரவு வீடு திரும்பிய பின்னும் பேசலாம்.