மீன் பிடித்தவர்கள் குரலில் ஒரு வரலாறு

இசைத்தட்டு என்றால் சினிமாப் பாட்டு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். கடலோரத்து உழைப்பாளிகளின் பேச்சே பாட்டாகி இசைத்தட்டான கதையும் உண்டு. அதற்கு வித்திட்டது வானொலிதான்.

1960 ஆகஸ்டு மாதம் பி.பி.சி. வானொலி 'சிங்கிங் த ஃபிஷிங்' என்னும் ஒலிச்சித்திரத்தை ஒலிபரப்பியது. இவான் மக்கோல், பெக்கி சீகர் என்னும் இரு நாட்டுப்பாடல் கலைஞர்களும், தயாரிப்பாளர் சார்ல்ஸ் பார்க்கரும் சேர்ந்து உருவாக்கியது அது. அக்காலத்தில் தொழிலாளி பேசவேண்டிய இடத்தில் பெரும்பாலும் நடிகர்தாம் எழுதி வைத்ததைப் பேசுவார். இவர்களோ ஒலிப்பதிவுக் கருவியுடன் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கும் ஸ்காட்லாந்துக்கும் போனார்கள். மீனவர் பேசியதை அப்படியே ஒலிபரப்பி, அவர்கள் சொற்களைக் கொண்டே பாட்டுக் கட்டினார்கள்.

அங்கே பிடிபட்டது ஹெர்ரிங் மீன். நமக்குத் தெரிந்த மத்திக்கு உறவு. 1913-இல் யார்மத், லோஸ்டோஃப்ட் துறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கூடின. படகுகளைப் பின்தொடர்ந்து ஸ்காட்லாந்துப் பெண்கள் ரயிலேறி வருவார்கள். மூவர் ஒரு கூட்டு: இருவர் குடல் நீக்க, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி படாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். இருந்தும் வெட்டுக்காயத்தில் உப்பு ஏறும். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. கூலி பீப்பாய்க் கணக்கில். 1936-இல் யார்மத்தில் அந்தப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஒலிச்சித்திரத்தின் உயிர் சேம் லார்னர் என்ற கிழவர். 1878-இல் நார்ஃபோக் கரையில் விண்டர்ட்டன் ஊரில் பிறந்து, எட்டு வயதிலேயே படகேறியவர். அவர் பேச்சிலிருந்து மக்கோல் 'ஷோல்ஸ் ஆஃப் ஹெர்ரிங்' என்ற பாட்டைப் புனைந்தார். அதைக் கேட்ட கிழவர், இது தமக்கு வாழ்நாள் முழுதும் தெரிந்த பாட்டு என்றாராம். மக்கோலே சொன்ன செய்தி இது.

கிழவரின் மறதி என்று சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. பாட்டாகக் கட்டியவர் மக்கோல், மீன் பிடித்த கையும் சொன்ன வாயும் லார்னருடையவை. ஆனால் ஆக்கியோன் என்று அச்சாவது ஒரு பெயர்தான். உழைப்பவன் பேச்சை எடுத்துப் பாடும் எவருக்கும் இந்தக் கடன் உண்டு. மக்கோல் அந்தக் கிழவர் பெயரை மறைக்காமல் ஊரறியச் சொன்னார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வாண்டே ஒலிச்சித்திரம் 'பிரி இத்தாலியா' பரிசு பெற்றது. பிறகு ஆர்கோ நிறுவனம் அதை இசைத்தட்டாக்கியது. லார்னர் 1965-இல் மறைந்தார். முதல் உலகப் போரோடு ஜெர்மன், ரஷ்யச் சந்தைகள் சரிந்தன. மிதமிஞ்சிப் பிடித்ததில் மீனும் அருகியது. 1977-இல் வட கடலில் ஹெர்ரிங் பிடிக்கத் தடையே போட்டார்கள். பிறகு சில ஆண்டுகளில் தடை நீங்கியது. குடல் நீக்கும் பெண்களை ஏற்றி வந்த ரயில்கள் திரும்பவில்லை.