ஹீரக் ராஜார் தேஷே: விருதுகளும் விமர்சன வரவேற்பும்

'ஹீரக் ராஜார் தேஷே' (வைர ராஜாவின் நாட்டில்) சத்யஜித் ரே கதை, வசனம், பாடல், இசை ஆகியவற்றோடு இயக்கத்தையும் தானே ஏற்க, 1980 டிசம்பரில் வெளியான வங்காளத் திரைப்படம். மாயாஜாலக் கதைக்குள் அறிவியல் புனைவைப் புகுத்திய இப்படத்தை மேற்கு வங்க அரசு தயாரித்தது.

பின்னணி

ரேயின் அறிவியல் புனைவு நாட்டம் பழையது. 1962-இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில், வேற்றுக்கிரகவாசி ஒருவர் வங்கக் கிராமத்தில் இறங்கும் கதையை எழுதினார். 1966-இல் கொல்கத்தாவில் தொடங்கிய அறிவியல் புனைவுத் திரைப்படக் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். 1967-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக எழுதிய 'தி ஏலியன்' படமாகவில்லை. 1982-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தபோது, தன் திரைக்கதைப் பிரதிகள் அமெரிக்காவில் புழங்கியிராவிட்டால் அப்படம் பிறந்திருக்காது என்றார் ரே; ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார்.

முந்தைய படம்

ரேயின் தாத்தா உபேந்திரகிஷோரின் கதையிலிருந்து உருவான 'குபி காயின் பாகா பாயின்' (1969) கொல்கத்தாவில் 51 வாரங்கள் ஓடியது. சிறந்த படம், சிறந்த இயக்கம் ஆகிய தேசிய விருதுகளைப் பெற்றது; பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவிலும் இடம்பிடித்தது. அதன் பேய் நடனத்துக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் சேர்ந்த கர்நாடகத் தாள வாத்தியங்களையே ரே பயன்படுத்தினார். அப்படத்தின் நாயகர்களான குபி, பாகா இருவரின் அடுத்த பயணம்தான் 'ஹீரக் ராஜார் தேஷே'. இம்முறையும் அவ்வேடங்களில் தபேன் சட்டர்ஜியும் ரபி கோஷும் நடித்தனர். அரசனாக உத்பல் தத்தும், ஆசிரியர் உதயனாக சௌமித்ர சட்டர்ஜியும் தோன்றினர்.

தேசிய விருதுகள்

28-வது தேசியத் திரைப்பட விருதுகளில் (1980) சிறந்த வங்காளப் படமாக இது தேர்வானது. சிறந்த இசையமைப்பு, சிறந்த பாடலாசிரியர் ஆகிய இரு விருதுகளும் ரேக்கே கிடைத்தன. கருவூலத்தைக் காக்கும் புலியிடம் குபி கெஞ்சும் பாடலைப் பாடிய அனூப் கோஷல் சிறந்த பின்னணிப் பாடகரானார். நான்கில் மூன்று விருதுகள் பாட்டையும் இசையையும் சேர்ந்தவை.

விமர்சன வரவேற்பு

விமர்சகர்கள் அதிகம் பேசியது படத்தின் அரசியலைப் பற்றி. அரசவை விஞ்ஞானி 'ஜந்தர்மந்தர்' என்னும் மூளைச் சலவைக் கூடத்தை அமைக்கிறார். வரிப்பாக்கிக்கு ஆளான உழவர் உள்ளே போகிறார். பாக்கி வைப்பது தவறு என்ற எதுகை வரிகளை ஒப்பித்தபடி வெளியே வருகிறார். சுரங்கத் தொழிலாளிக்கும் அதே கதி. பள்ளி மூடப்படுகிறது, நூல்கள் எரிக்கப்படுகின்றன. விருந்தினர் கண்ணில் படாதபடி ஏழைகள் விரட்டப்படுகிறார்கள். இக்காட்சிகளில் 1975–77 நெருக்கடி நிலையின் சாயலைப் பலர் கண்டனர். குடிசை அகற்றத்தை நேரடியாகவே தில்லிச் சம்பவங்களோடு ஒப்பிட்டனர்.

வசன உத்தியும் பாராட்டப்பட்டது. படத்தில் பெரும்பாலோர் எதுகையோடு பேச, ஆசிரியர் உதயன் மட்டும் சாதாரண உரைநடையில் பேசுகிறார். கட்டுக்குள் அடங்காத சிந்தனைக்கு அடையாளமாக விமர்சகர்கள் இதைப் படித்தனர்.

பிற்கால மதிப்பு

இறுதியில் அரசனே அந்த மூளைச் சலவைக் கூடத்துக்குள் தள்ளப்பட்டு, தன் சிலையைச் சாய்க்கும் கயிற்றை மக்களோடு சேர்ந்து இழுக்கிறான். அக்காட்சியின் வரிகள் இன்றும் வங்கப் போராட்டங்களில் முழக்கமாக ஒலிக்கின்றன. அதிகாரச் செருக்கு கொண்டவரை 'ஹீரக் ராஜா' என்று அழைப்பதும் வழக்கில் உண்டு. மூன்றாம் படமான 'குபி பாகா பிரே எலோ'வை 1992-இல் மகன் சந்தீப் ரே இயக்கினார். அதே ஆண்டு மார்ச்சில் சத்யஜித் ரே கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடி கௌரவ ஆஸ்கரை ஏற்றார். ஏப்ரல் 23 அன்று காலமானார். குழந்தைகளுக்கான படம் என்று அறிமுகமான 'ஹீரக் ராஜார் தேஷே', இன்று அவருடைய அரசியல் படங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.