யாருடைய மரக்கால்?

இப்போதைய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு இயலும் ஒரு சின்னக் கட்டத்தோடு தொடங்கும். தலைப்பு ‘கற்றல் நோக்கங்கள்’. எண்களை ஒப்பிடத் தெரிய வேண்டும், விகிதம் என்றால் என்னவென்று புரிய வேண்டும், இப்படி நாலைந்து வரி. அதற்குப் பிறகு எடுத்துக்காட்டு, பயிற்சி, கடைசியில் வீட்டுப்பாடம். பிள்ளைகள் அந்தக் கட்டத்தைப் படிப்பதே இல்லை. வாத்தியார்களும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் புத்தகத்திலேயே அரசியல் அதிகமுள்ள இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிள்ளை என்னவாக ஆக வேண்டும் என்று யாரோ முடிவு செய்து எழுதிய இடம் அது. அந்த யாரோ இருநூறு வருஷத்தில் பலமுறை மாறியிருக்கிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கலாம். அங்கே கணக்குக்கு மூன்று பெரிய ‘அலகுகள்’ இருந்தன. முதலில் பொன்னிலக்கம்: எண்களையும் பின்னங்களையும் எழுதவும் கூட்டவும் பழகுவது. அடுத்து நெல்லிலக்கம்: முகத்தல் அளவைகள். கடைசியில் எண்சுவடி: பெருக்கல் வாய்ப்பாடு. வாய்ப்பாடு என்றதும் நம் ஈரெட்டுப் பதினாறு மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்ப்பாடும், நிலத்தின் பரப்பு காண உதவும் குழிமாத்தும் அதில் உண்டு.

தலைப்புகளைப் பாருங்கள். பொன், நெல். எண்ணுக்கே தனியாக ஓர் உலகம் இல்லை. எண் என்றால் ஏதோ ஒன்றின் எண், அவ்வளவுதான். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். புரோகிராம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வரிசையைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். ஆழாக்கிலிருந்து தூணி வரைக்கும் எல்லாம் இரண்டின் அடுக்குகள்: 2, 4, 8, 64, 128, 256. கணினிக்கு இரண்டு பிடிக்கும் காரணம் வேறு, களத்துமேட்டுக்கு இரண்டு பிடிக்கும் காரணம் வேறு. தானியக் குவியலைக் கண்ணளவில் பாதியாக்குவது சுலபம், ஐந்தாகப் பிரிப்பது கஷ்டம்.

ஆனால் ஐந்தும் பத்தும் வேண்டிய இடங்கள் உண்டே? அதற்குத்தான் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள். ஒன்று கால் குடும்பம்: கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16). இன்னொன்று மா குடும்பம்: மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320). இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. மாகாணி என்ற சொல்லைப் பிரித்தால் மா, காணி. 1/20ஐயும் 1/80ஐயும் கூட்டுங்கள். 4/80, 1/80, மொத்தம் 5/80. அதாவது 1/16. பெயரைச் சொன்னாலே கணக்கு முடிந்துவிடுகிறது. இன்று இதே கூட்டலுக்கு மீச்சிறு பொதுமடங்கு கண்டுபிடித்து, பகுதியைச் சமமாக்கி, தொகுதியைக் கூட்டி, சுருக்கி என்று நான்கு படி எழுத வைக்கிறோம். நம் முறை தவறு என்று சொல்லவில்லை. அது எந்தப் பின்னத்துக்கும் செல்லும், மாகாணி மாகாணிக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் மாகாணியைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அது எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் அதற்கு வேலை இருந்தது.

பயிற்சி எப்படி நடந்தது? மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணியால். சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். வீட்டுப்பாடமும் உண்டு, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நினைவுதான் அங்கே நோட்டுப் புத்தகம். நினைவு என்றாலே புரியாமல் உருப்போடுவது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது தனக்கென ஒழுங்குள்ள ஒரு கற்றல் முறை என்று வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தன் ஆய்வில் வாதிடுகிறார்.

அதற்காக அந்தத் திண்ணையைச் சொர்க்கமாக்கிவிடவும் வேண்டாம். 1823இல் பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் தன் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பூஜ்யம். மூன்றாவதுக்கு ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு அடி, அப்படியே ஏறிக்கொண்டு போகும். முப்பது பிள்ளைகள் இருந்தால் கடைசிப் பிள்ளைக்கு 28 அடி, மொத்தம் 406 அடி. கூட்டுத்தொடர் வரிசையை முதுகிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

அதற்கு ஓராண்டு முன்பு, 1822இல், சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ராஜதானி முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார். காம்ப்பெல் எழுதியது அதற்கான பதில்தான். 1826இல் தொகுத்தபோது 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஒரு பள்ளிக்குச் சராசரி 15 பிள்ளைகள். இந்தத் தரவை வைத்துப் பிற்காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு இங்கே கல்வி தழைத்திருந்தது என்று காட்ட, தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் சுட்டிக்காட்டியது முக்கியமானது: தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் பிராமணர் அல்லர். திண்ணைப் பள்ளி ஒரு சாதியின் சொத்து என்ற எளிய சித்திரம் அதோடு உடைகிறது.

ஆனால் அதே தரவில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். வயலில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களுமான தலித் மக்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளுக்குப் பெரும்பாலும் வெளியேதான் நின்றார்கள். நெல்லிலக்கம் படித்தவன் கணக்குப்பிள்ளை ஆனான், வியாபாரி ஆனான், பண்ணையைப் பார்த்துக்கொண்டான். நெல்லை விளைவித்தவர்களுக்கு நெல்லிலக்கம் கிடையாது. ‘கற்றல் நோக்கம்’ என்று யாரும் எழுதி வைக்காவிட்டாலும் நோக்கம் தெளிவாகவே இருந்தது: மரக்காலைப் பிடிக்கும் கையை உருவாக்குவது.

இதற்கிடையே திண்ணையிலிருந்து ஒரு யோசனை கப்பலேறிப் போனது. எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் செய்துபார்த்து, 1797இல் லண்டனில் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். செலவு குறைவு, ஒரு வாத்தியார் போதும். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு பரவியது.

அங்கிருந்து திரும்பி வந்தது வேறொன்று. 1862இல் ராபர்ட் லோ பிரிட்டனில் ஒரு புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆறு படிநிலைகள், ஒவ்வொன்றுக்கும் இன்ன கணக்கு என்று பட்டியல். இரண்டாம் நிலைக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் வாய்ப்பாடு. நான்காம் நிலைக்குப் பணக் கணக்கு. ஐந்தாம் நிலைக்கு எடையும் அளவும். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் பிள்ளை எதில் தோற்றாலும் பாடம் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பள்ளியின் மானியத்தில் வெட்டு. நாம் இன்று கற்றல் விளைவு என்று சொல்வதற்கு இது ஒரு பாட்டன். ‘விளைவுக்கேற்ற மானியம்’ என்ற இந்த ஏற்பாடு அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானிக்கும் வந்தது, திண்ணை வாத்தியார்களும் அதற்குள் இழுக்கப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் கொடுத்த நெல்லையும் காசையும் நம்பி வாழ்ந்தவர், இப்போது இன்ஸ்பெக்டரின் பேனாவையும் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கேதான் கணக்கு யாருக்காக என்பது மாறுகிறது. முன்பு கணக்கு சரியா என்று சொல்வது கடைத்தெரு. இனி அதைச் சொல்ல வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெளியாள் போதும். இதில் ஒரு விடுதலையும் இருந்தது, மறுக்க முடியாது. பட்டியலில் இருக்கும் கணக்கைப் போட, கணக்குப்பிள்ளையின் மகனாகப் பிறக்க வேண்டியதில்லை. சாதித் தொழிலோடு ஒட்டிக்கிடந்த எண்ணை அது கொஞ்சம் பிய்த்தெடுத்தது. பிய்த்தபோது நெல்லும் கூடவே உதிர்ந்துவிட்டது.

பள்ளியில்தான் உதிர்ந்தது. களத்துமேட்டில் நெல் அப்படியே கிடந்தது. அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். லாபம், இரண்டு, மூன்று. யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பொறுத்தது. கோபுரமாகக் குவித்து அளக்கலாம், தலைதட்டி அளக்கலாம். வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். நெல்லிலக்கக் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். எட்டு நாழி கொள்ள வேண்டிய மரக்கால் ஏழரை நாழிதான் கொள்கிறது என்றால், ஒரு கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, ஆறு நாழி போய்விடும். 96இல் 6. ‘மாகாணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அந்தச் சொல்லைக் கற்றவர்கள்.

கீழத்தஞ்சையில் 1940களில் திரண்ட விவசாயத் தொழிலாளர்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். முத்திரையிட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கோரிக்கையை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு கணக்குக் கோரிக்கை அது. அடிக்காதே என்பதற்குப் பக்கத்திலேயே சரியாக அள என்பதையும் வைத்தார்கள். பள்ளிக்கூடம் கற்றுத்தராத அளவையைச் சங்கம் கற்றுத்தந்தது. அறுப்புக் கூலி அங்கே கலத்துக்கு இவ்வளவு என்று விகிதமாகவே பேசப்பட்டது. அந்த விகிதத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும் வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து சாவதில் போய் முடிந்தன. விகிதம் ஆறாம் வகுப்புப் பாடம்.

அதற்குள் அளவைகளே மாறிவிட்டன. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி, ஆகவே பழைய வாய்ப்பாட்டுக்கு அதுவரை உயிர் இருந்தது. தசம நாணயமும் அதைத் தொடர்ந்து லிட்டரும் கிலோவும் வந்ததும் அந்தத் தரை நழுவியது. இதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு படி, ஆளுக்கு ஒரு மரக்கால் என்ற ஏமாற்றுக்கு லிட்டர் ஒரு நல்ல எதிரி.

இப்போது மறுபடி அந்தக் கட்டத்துக்கு வருவோம். இன்றைய புத்தகம் முந்தைய இரண்டையும்விட நியாயமானது என்றே நினைக்கிறேன். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ஒரே அரசுப் புத்தகம். பெண்பிள்ளைகள் பாதி வகுப்பை நிரப்புகிறார்கள். இன்னார்தான் கற்க வேண்டும் என்ற விதி இல்லை. மன்றோவின் அட்டவணையோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமே இல்லை. ஆனால் விகிதக் கணக்கின் விடை சரியா என்று பார்க்கப் பின்பக்கத்தைத்தான் புரட்டுகிறோம். பின்பக்கம்தான் இன்றைய இன்ஸ்பெக்டர்.

மரக்கால் ஒழிந்துவிட்டதா? என் தொழிலில் இருப்பவர்களுக்குப் பதில் தெரியும். சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு ஒரு டெலிவரிக்கு எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு, இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை எவ்வளவு என்பதெல்லாம் எங்கோ ஒரு கோடில் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதுபவர்கள் நெல்லிலக்கம் நன்றாகப் படித்தவர்கள், என்னைப் போன்றவர்கள். போன வாரம் ஐந்து கிலோமீட்டருக்குக் கிடைத்தது இந்த வாரம் ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரியாது. கூலியை அளக்கும் பாத்திரம் அவர் கண்ணுக்கே தெரியாது. குவித்து அளந்தார்களா, தலைதட்டினார்களா என்று கேட்கக்கூட வழியில்லை. விகிதம், சதவீதம், நேர்மாறல் எல்லாம் எட்டாம் வகுப்புக்குள் அவரும் படித்தவைதான். அவற்றை வைத்து யாரைக் கேள்வி கேட்கலாம் என்று எந்த வீட்டுப்பாடமும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்தில் ஒரு வரி சேர்க்க எனக்கு அனுமதி கிடைத்தால் இப்படி எழுதுவேன்: இந்த இயலை முடித்தபின் மாணவர்கள், அடுத்தவர் கையில் இருக்கும் அளவையை வாங்கித் தாங்களே ஒருமுறை அளந்து பார்க்கத் தெரிந்திருப்பார்கள். வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் யாருக்காவது வரும் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த விகிதத்தில், எந்த அளவையால், யாரால் அளக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வாருங்கள்.