கலங்கரை விளக்கம்: சொல்லும் கல்லும்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாலாற்றோடு கலந்து, வாயலூருக்கு அருகே கடலை அடைகின்றது. அம்முகத்துவாரத்திற்கு வடக்கே உள்ளது மாமல்லபுரம். இத்தொண்டைநாட்டுக் கடற்கரையில், இரவில் வரும் மரக்கலங்களுக்கு வழிகாட்டிய விளக்கின் தொன்மையை எதனைக் கொண்டு நிறுவுவது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மாமல்லபுரத்துக் குன்றில், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, ஒலக்கணேசுவரர் கோயில் என்னும் பல்லவர் கற்றளி உள்ளது. அதனைப் பல்லவர் எடுத்த கலங்கரை விளக்கம் என்று கூறுவார் உளர். அக்கூற்றுப் பொருந்துவதன்று. அது 8ஆம் நூற்றாண்டில் சிவபெருமானுக்கு எடுக்கப்பட்ட கோயில். அதன் முகட்டில் கப்பல்களுக்காக விளக்கு அமைக்கப்பட்டது 1887இல்தான். அருகே எழுப்பப்பட்ட கற்கோபுரம் 1904 முதல் அப்பணியை ஏற்றது. பிற்காலப் பயன்பாட்டைக் கட்டியவர் நோக்கமாகக் கொள்ளுதல் வரலாற்று முறையாகாது.

அங்ஙனமாயின் தொன்மைக்குச் சான்று இல்லையோ எனின், உண்டு. அது கல்லில் அன்று, பாட்டில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகின்றது. குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணரும் கலங்கள் அங்கு வந்து நிற்கின்றன. ஏணி சார்த்திய, ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தில் இரவிலே தீ ஏற்றப்படுகின்றது. அம்மாடம் கூரை வேயப்படாதது என்று புலவர் கூறுவது நோக்கத்தக்கது. ஓலையும் புல்லும் வேய்ந்த இடத்தில் பெருந்தீ வளர்த்தல் இயலாது. ஆதலின், அவ்வடைமொழி வெறும் புனைவன்று. தொழிலறிந்து கூறியது எனலாம்.

அவ்வொளி கலங்களைக் ‘கரையும்’ என்கின்றார் புலவர். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகின்றது என்னும் வழக்கில் இச்சொல் இன்றும் வாழ்கின்றது. எனவே, சிலப்பதிகாரக் கடலாடு காதையிலும் பயிலும் கலங்கரை விளக்கம் என்னும் தொடர், கலங்களை அழைக்கும் விளக்கு என்றே பொருள்படும். கடற்கரையில் உள்ள விளக்கு என்பதன்று.

நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்று கருதுவாரும் உளர். அக்கருத்து நிற்பினும் வீழினும், இக்கரையில் பல்லவருக்கு முன்பே கலங்களை அழைத்த விளக்கு ஒன்று இருந்தது என்னும் முடிபு மாறாது. கோயிலைக் கோயிலாகவும் பாட்டைச் சான்றாகவும் கொள்ளும்போதே இரண்டின் வரலாறும் தெளிவுறும்.