எடையின்மைக் கலை

எடையின்மைக் கலை என்பது விண்கலத்திலோ, பரவளையப் பாதையில் பறக்கும் விமானத்திலோ எடையற்ற நிலையில் உருவாகும் ஓவியம், நடனம், இசை, சிற்பம் ஆகியவற்றைக் குறிக்கும். தொடுகை, தொலைவு, மனித உறவு ஆகியவை இதில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள்கள்.

அறிவியல் அடிப்படை

சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளோரும் ஒருசேர விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை. பரவளைய விமானத்தில் இந்நிலை ஒரு முறைக்கு 20 நொடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக நீடிக்கும். எடையற்ற நிலையில் மேல், கீழ் கிடையாது. காலூன்றத் தரையும் கிடையாது. ஒருவர் மற்றவரைத் தள்ளினால் இருவருமே விலகிப்போவார்கள். சேர்ந்திருக்க வேண்டுமென்றால் பற்றிக்கொள்ள வேண்டும்.

முக்கியப் படைப்புகள்

1965 மார்ச்சில் சோவியத் வீரர் அலெக்சேய் லியோனவ், வஸ்கோத்-2 கலத்தில் சூரிய உதயத்தை வண்ணப் பென்சில்களால் வரைந்தார். இதுவே விண்வெளியில் வரையப்பட்ட முதல் ஓவியம். பென்சில்கள் மிதந்து போகாதபடி நூலால் கட்டப்பட்டிருந்தன. 1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத்தின் சோயூஸ் கலமும் விண்வெளியில் இணைந்தபோது, அவர் அமெரிக்க வீரர்களின் முகங்களை வரைந்தார்.

பிரெஞ்சு நடன அமைப்பாளர் கிட்சு துபுவா 1990 முதல் பரவளைய விமானங்களில் நடனத்தை ஆராய்ந்தார். 2011இல், விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீராங்கனை கேடி கோல்மன் வாசித்த புல்லாங்குழலும் பூமியில் இசைக்கலைஞர் இயன் ஆண்டர்சன் வாசித்ததும் ஒரே இசையாக இணைக்கப்பட்டன. 2013இல் விண்வெளி வீராங்கனை கேரன் நைபெர்க் அதே நிலையத்தில் ஒரு துணிச் சதுரம் தைத்து, பூமியிலுள்ளோரையும் தைக்கச் சொன்னார். 2,000க்கும் மேற்பட்ட சதுரங்கள் வந்து சேர்ந்தன. 2017இல் கலைஞர் எட்வர்டோ காக் வடிவமைத்த காகிதச் சிற்பத்தை விண்வெளி வீரர் தாமஸ் பெஸ்கே நிலையத்திலேயே வெட்டி உருவாக்கினார். பிரெஞ்சில் ‘நான்’ எனப் பொருள்படும் சொல்லாகவும், தொப்புள்கொடி அறுந்த மனித உருவாகவும் அது தோன்றும்.

திருவனந்தபுரமும் இந்தியாவும்

1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பா, திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர். அங்கே ராக்கெட் பணிக்கு அலுவலகமாக இருந்த மரிய மகதலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். திருவனந்தபுரம் அமைந்துள்ள கேரளத்தின் நடனங்களான கதகளியும் மோகினியாட்டமும் தரையில் ஊன்றிய பாதத்தையும் தாழ்ந்த இடையையும் நம்பி நிற்பவை. எடையின்மையில் அந்த இலக்கணம் செல்லாது.

ஆனாலும் இந்தியப் பண்பாடு எடையின்மையை ஏற்கெனவே தொட்டிருக்கிறது. 1984இல் இந்திய வீரர் ராகேஷ் சர்மா சல்யூத்-7 நிலையத்தில் யோகாசனம் செய்தார். 2025இல் சுபான்ஷு சுக்லா, கொண்டுசென்ற கேரட் அல்வாவைப் பன்னாட்டு நிலையத்தில் சக வீரர்களுடன் பகிர்ந்துகொண்டார். இந்தியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டமான ககன்யானுக்கான நான்கு வீரர்களின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் அறிவிக்கப்பட்டன. சுக்லா அவர்களுள் ஒருவர்.