தண்டில் வளர்ந்த தமிழ் வாசிப்பு

ஓர் இல்லத்தின் செல்வத்தை அளப்பதற்குப் பல அளவைகள் உண்டு. சிலர் நிலத்தைக் கொண்டு அளப்பர். சிலர் பொன்னைக் கொண்டு அளப்பர். பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வேரூன்றிய குடும்பங்களுக்கோ மற்றோர் அளவையும் வேண்டியிருக்கிறது. தாய்மொழி அவ்வில்லத்தில் எந்த நிலையில் வாழ்கிறது என்பதே அவ்வளவை.

பெங்களூர்வாழ் தமிழ்க் குடும்பங்களில் இன்று நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. பிள்ளைகள் தமிழில் நன்றாகப் பேசுகின்றனர். திரைப்பாடல்களைப் பிழையின்றிப் பாடுகின்றனர். ஆயினும் பாட்டனார் எழுதிவைத்த பழைய கடிதம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தால், அதனைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலையில் நிற்கின்றனர். பள்ளியில் தமிழ் இல்லாமையே இதற்குக் காரணம் என்று கூறி நாம் அமைதி அடைகிறோம். அது முழு உண்மையன்று. பள்ளியில் தமிழ் பயிலாத பெரியோர் பலர் தமிழ் நூல்களில் ஊறித் திளைத்திருக்கின்றனர். அவர்களுக்கு அவ்வின்பத்தை ஊட்டியது எது? அதனை அறிய நாம் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். மக்கள் வழக்கில் அது 'தண்டு' எனப் பெயர் பெற்றது. படைவீரரும், அவர்களைச் சார்ந்து வாழ்ந்த வணிகரும், கொத்தரும், தச்சரும், சலவைத் தொழிலாளரும், சமையற்காரரும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறினர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டிப் பாதை வந்தபின் அவ்வரவு மேலும் பெருகிற்று. 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் மீண்ட பின்னரும், தண்டுப் பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1949இல்தான் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றும் தமிழ் ஒலிப்பதன் வரலாறு இதுவே.

அவ்வாறு வந்தோருள் எழுத்தறிந்தவர் மிகச் சிலரே. 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனினும் அக்காலத் தமிழ் மக்கள் நூல்களை அறியாதவராய் இருந்தனர் என்று சொல்லுதல் பொருந்தாது. விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற நூல்கள் 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விலைபோயின. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். குழந்தை தாயின் மடியில் உறங்கியவாறே கதையை உண்ணும். படிப்பவர் நிறுத்திய இடத்தில் கேட்போர் மேலும் படிக்கச் சொல்லி மன்றாடுவர். வாசிப்பு என்பது தமிழர்க்குக் கூட்டு இன்பமாகவே முதலில் அமைந்தது.

இதனைக் கூறும்போது பழமையை நாம் பொன்மயமாக்கிவிடுதல் கூடாது. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர் எனின், பலருக்குக் கல்வி மறுக்கப்பட்டிருந்தது என்பதே அதன் மறுபக்கம். அக்குறை நீங்கியது நன்று. குறை நீங்கியபோது அதனோடு ஒட்டியிருந்த இன்பமும் நீங்கியதே நமது கவலை.

அடுத்த காலம் வார, மாத இதழ்களின் காலம். 1926இல் தோன்றிய ஆனந்த விகடன் 1928 முதல் வாசனின் கைகளில் வளர்ந்தது. 1932இல் கலைமகளும், 1941இல் கல்கியும், 1947இல் குமுதமும் அம்புலிமாமாவும் வெளிவந்தன. இவ்விதழ்கள் புகைவண்டி ஏறித் தமிழர் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் சென்றன. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்த காலத்தில், இதழை முதலில் யார் படிப்பது என்பதே பல வீடுகளில் வாரந்தோறும் எழுந்த வழக்கு. அடுப்படி வேலை முடித்து வந்த பெண்கள் நடுப்பகலில் கிடைத்த ஒரு நாழிகையை அத்தொடர்களுக்கெனவே காத்துவைத்தனர். படித்து முடித்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கட்டுக்கட்டித் தருபவரிடம் கொடுத்து, தடித்த நூலாக்கிப் பரணில் அடுக்கினர். அப்பரண்களே பலருக்கு முதல் நூலகம்.

அதே காலத்தில் பெங்களூர் தொழில் நகரமாகவும் மாறிற்று. 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல இவற்றை நம்பி வந்தன. 1950இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளர் சுஜாதா, பகலில் மின்னணுக் கருவிகளோடு வாழ்ந்து, எஞ்சிய பொழுதில் எழுதிய கதைகளைத் தமிழ்நாடே காத்திருந்து படித்தது. தமிழ்நாட்டுக்குப் பெங்களூர் திருப்பியளித்த கொடை அது எனின் மிகையன்று.

இவ்விடத்தில் ஒன்றை நாம் கருதுதல் வேண்டும். அக்கால வீடுகளில் கதை படித்த பிள்ளையிடம், அதிலிருந்து கற்ற நீதி யாது என்று யாரும் வினவவில்லை. எத்தனை பக்கம் முடிந்தது என்று கணக்குக் கேட்கவும் இல்லை. பாடப் புத்தகத்தினுள் இதழை மறைத்துவைத்துப் படித்ததற்காகத் திட்டு வாங்கியவர்களே மிகுதி. திட்டு வாங்கியும் படித்தனர். ஏனெனில் அது அவர்களுடைய இன்பம். பிறர் இட்ட பணியன்று.

இவ்வுண்மையை நூலகக் கலையின் இலக்கணமாகவே வகுத்தளித்தவர் ஒரு தமிழர். அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஊரும் நமது பெங்களூரே. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். தொடக்கத்தில் அப்பணியின் தனிமை பிடிக்காமல் கற்பிக்கும் தொழிலுக்கே மீள விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகங்களைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. அங்கே ஒரு கடையில், துண்டுகளை இணைத்துப் பலவகை உருவங்களைச் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறைக்கு வித்திட்டது அதுவே. உலகம் போற்றும் நூற்பகுப்பு முறை ஒன்று குழந்தையின் விளையாட்டுப் பொருளிலிருந்து பிறந்தது என்பது நமக்கு உவகை தருவதன்றோ!

1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகச் சென்ற நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே. அவ்வாண்டிலேயே அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் காலத்தைச் சேமித்தல். நூலகம் வளரும் உயிர். இவையே அவ்விதிகளின் சாரம். 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவிய அப்பெரியார், 1972இல் இந்நகரிலேயே மறைந்தார்.

இவ்விதிகளை நம் இல்லத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். கண்ணாடிப் பேழையுள் பூட்டிவைத்த நூல் முதல் விதிக்குப் பகை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் விரும்பும் காப்பியத்தைத் திணித்தல் இரண்டாம் விதிக்குப் பகை. பிள்ளை கிரிக்கெட்டை விரும்பினால், கிரிக்கெட்டைப் பற்றிய தமிழ்க் கட்டுரையே அதற்குரிய நூல்.

நாமே செய்த பிழை ஒன்றை இங்கு ஒப்புக்கொள்ளுதல் முறை. நம் இல்லத்துச் சிறுமி ஒருத்திக்கு நாள்தோறும் பத்து வரி தமிழ் எழுதவேண்டும் என்று விதித்தோம். ஓராண்டில் அவள் கையெழுத்து முத்துமுத்தாய் அமைந்தது. ஆயினும் அவள் ஒரு தமிழ் நூலையும் தானாகத் திறந்தாளில்லை. மழையால் மின்சாரம் நின்ற ஓர் இரவில், பொழுது போகாமல் தெனாலிராமன் கதையை மெழுகுவத்தி ஒளியில் உரக்கப் படித்தோம். விளக்கு வந்ததும் எழுந்துவிட்டோம். அவளோ எழவில்லை, எஞ்சிய பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். அதன்பின் எழுத்துப்பணியை நிறுத்தினோம். இரவு தோறும் சிறிது படிப்பதைப் பழக்கமாக்கினோம். ஒரு நூலை அவள் தனியே படித்து முடிக்க மேலும் ஈராண்டு ஆயின. அவ்விரண்டு ஆண்டுகளில் அவளை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

தமிழ் வாசிப்பு வளர்ந்தால் கன்னடத்தின்மீது பற்றுக் குறையும் என்று எண்ணுவதும் தவறே. வீட்டு மொழி தமிழாக இருக்க, கன்னடச் சிறுகதைக்குத் தந்தை எனப் போற்றப்பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1983ஆம் ஆண்டிற்கான ஞானபீடப் பரிசினைப் பெற்றார். கப்பன் பூங்காவில் நூலகம் இயங்கும் செந்நிற மண்டபம், மைசூரில் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரின் நினைவைத் தாங்கி நிற்பது. 1991 முதல் அல்சூர் ஏரிக்கரையில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாளில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு நமக்குக் கற்பித்தது என்ன? கற்சிலையை நிறுவுவதற்கு இரு அரசுகள் இசைய வேண்டியிருந்தது. வள்ளுவரையும் சர்வக்ஞரையும் ஒரே அலமாரியில் வைப்பதற்கு நம் இசைவு ஒன்றே போதும்.

இன்று அம்புலிமாமாவும் கோகுலமும் அச்சில் இல்லை. அது இழப்பே. ஆயினும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே பழந்தமிழ் நூல்கள் பல கைப்பேசியிலும் விலையின்றிக் கிடைக்கின்றன. நூலுக்குப் பஞ்சமில்லை; மடிக்கே பஞ்சம். மாலையில் கால் மணிப் பொழுது, பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிள்ளை படுத்துக்கொண்டு கேட்கட்டும். விரும்பினால் இடையில் எழுந்து போகட்டும். நூல் அதன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். திங்களில் ஒருமுறை சங்க நூலகத்திற்கோ அருகிலுள்ள வேறு நூலகத்திற்கோ அழைத்துச் சென்று, எந்த நூலை எடுத்தாலும் வினா எழுப்பாமல் இருப்போம்.

எழுத்தறியாத நம் முன்னோர் கேட்டே கதைகளைக் காத்தனர். எழுத்தறிந்த நாம், படித்துக் காட்டியாவது அவற்றை அடுத்த தலைமுறைக்குத் தருவோமாக.