கராத்தே மரபுகளின் பிளவும் பட்டம் வழங்கும் அதிகாரமும்

ஊவாவில் ஹல்துமுல்லை முதல் பண்டாரவளை வரையுள்ள தோட்டப்புறங்களில் கராத்தே பயிலும் ஒரு பிள்ளையை நோக்கி, நீ பயில்வது எந்த முறை என்று வினவினால், ஷோட்டோக்கான் என்றோ கோஜு-ரியூ என்றோ விடை வருவதோடு, அம்முறையின் இன்ன சங்கம், இன்ன மாஸ்டரின் அணி என்னும் இரண்டாவது விடையும் உடன் வரும். முதல் விடை கலையைப் பற்றியது. இரண்டாவது அதிகாரத்தைப் பற்றியது. கராத்தேயின் கிளைகள் பிரிந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதலாவதைக் கொண்டே இரண்டாவதை விளக்க முற்பட்டு, நிலையின் ஆழம், மூச்சின் கதி, அடியின் வேகம் ஆகியவற்றில் எழுந்த அபிப்பிராய பேதங்களே பிளவுக்குக் காரணம் என்கின்றனர். பெரும்பான்மையான பிளவுகளில் பேதம் காரணமன்று, விளைவு என்பதும், பட்டம் வழங்கும் உரிமை யாருடையது என்ற வினாவே மூலகாரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஒக்கினாவாத் தீவில் இக்கலை வளர்ந்த காலத்தில், ஷூரி, நாஹா, தொமாரி என்னும் ஊர்களின் பெயராலும் ஆசிரியரின் பெயராலும் அது வழங்கிற்றேயன்றி, முத்திரையிட்ட சம்பிரதாயப் பெயர்கள் அதற்கு இருக்கவில்லை. ஒரே மாணவன் இரண்டு மூன்று ஆசிரியரிடம் பயில்வதும் குற்றமாகக் கருதப்படவில்லை. 1922இல் ஒக்கினாவா ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் கலையைக் காட்டியபின், யப்பானியப் பெருநிலத்தின் போர்க்கலைகளுக்குரிய நிருவாகச் சட்டகத்துக்குள் கராத்தே புகுந்தது. ஜூடோவில் கானோ ஜிகோரோ ஏற்படுத்தியிருந்த பட்ட முறையைத் தழுவி 1924இல் ஃபுனாகோஷி முதற் கறுப்புப் பட்டிகளை வழங்கினார். 1930இல் டோக்கியோவில் நடந்த ஒரு காட்சியில் மற்றோர் ஒக்கினாவா ஆசிரியரான மியாகி சோஜுனின் மாணவர் ஷின்சாத்தோவிடம் உங்கள் மரபின் பெயர் யாது என்று கேட்கப்பட, சொல்ல ஒரு பெயர் இல்லாமல் அவர் திகைத்தார் என்றும், அதன் பின்னரே மியாகி கோஜு-ரியூ என்னும் பெயரைத் தேர்ந்தார் என்றும் அம்மரபினர் கூறுவர். பேரரசின் போர்க்கலைச் சபை பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டது, பெயர் பிறந்தது, பெயர் பிறந்தபின் அதன் உரிமையாளர் யார் என்ற வினாவும் பிறந்தது.

இவ்வினாவின் முழு விளைவையும் ஃபுனாகோஷியின் மரபாகிய ஷோட்டோக்கானின் வரலாற்றிலே காணலாம். 1949இல் நிறுவப்பட்ட யப்பான் கராத்தே சங்கம் 1957 ஏப்ரிலில் கல்வி அமைச்சின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதே மாதத்தில் ஃபுனாகோஷி மறைந்தார். இறுதிச் சடங்கை நடத்தும் உரிமை யாருக்கு என்பதில் எழுந்த பிணக்கே, அச்சங்கத்தாரையும் அவருடைய மாணவரின் மற்றோர் அணியாகிய ஷோட்டோகாயினரையும் நிலையாகப் பிரித்தது. சடங்கை நடத்துபவன் வாரிசு என்பது நம் நாட்டாருக்கு விளக்கவேண்டிய செய்தியன்று. பின்னர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய நாக்காயாமா மசத்தோஷி 1987இல் காலமானதும், சங்கமே இரண்டாகி, இரு தரப்பும் ஒரே பெயரால் தம்மை அழைத்து, ஒரே கத்தாக்களை (வரையறுத்த அசைவுத் தொடர்களை) கற்பித்து, ஒரே வகைப் பட்டங்களை வழங்கி வழக்காடின. 1999இல் யப்பானிய உச்ச நீதிமன்றம் ஒரு தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, மற்றத் தரப்பான அசாய் தெத்சுஹிக்கோவின் அணி வேறு பெயரில் தொடர்ந்தது. அந்த வழக்குக் காலம் முழுவதும் இரு கூடங்களில் எதிலும் நுழைந்த ஒரு மாணவன் அடியின் வேறுபாட்டைக் கண்டிருக்க மாட்டான். சான்றிதழின் கையெழுத்தில்தான் கண்டிருப்பான். 1994இல் கியோக்குஷின் மரபை நிறுவிய ஓயாமா மசுதாத்சு மறைந்தபின், அவருடைய மரண சாசனத்தைச் சுற்றி எழுந்த வழக்கும் கியோக்குஷின் அணிகளின் பெருக்கமும் இதே தன்மையன.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கவை இல்லாமலில்லை. ஓத்சுக்கா ஹிரோனோரி தாம் முன்பே கற்றிருந்த ஜுஜுத்சுவைக் கலந்து வாடோ-ரியூவைப் படைத்தார். ஓயாமா முழு விசையுடன் தாக்கிப் பொருதும் போட்டியை நிலைநாட்டினார். ஷோட்டோகாயினர் போட்டியையே மறுத்தனர். இவை உண்மையான ஆக்கப் பிரிவுகள் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயின் ஆக்கப் பிரிவு பெரும்பாலும் ஆசான் உயிரோடிருக்கும்போதே நிகழ்வது. உரிமைப் பிரிவு அவர் மறைந்தபின் நிகழ்வது. இரண்டையும் மரபு எனப் பொருள்படும் ‘ரியூ’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால், பின்னதற்கு முன்னதன் மரியாதை கிடைத்துவிடுகிறது.

உரிமைப் பிரிவின் இத்தன்மையை மலையகத்தார் எளிதில் உணர்வர். 1939இல் நேரு இலங்கை வந்த வேளையில் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், பின்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸாகி, 1950களின் நடுப்பகுதியில் அதன் தலைவர்களான தொண்டமான், அஸீஸ் ஆகியோரின் பகைமையால் பிளந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்ணின் துயரைப் பற்றிய கொள்கைப் பேதம் அதில் எவ்வளவு, தோட்ட நிருவாகம் எந்தச் சங்கத்தோடு பேசும், சம்பளத்தில் பிடிக்கும் சந்தா யாரைச் சேரும் என்ற வினாக்களின் பங்கு எவ்வளவு என்பதை நம் முதியோர் இன்றும் விவாதிக்கின்றனர். சந்தாவும் அங்கீகாரமும் தொழிற்சங்கத்துக்கு எப்படியோ, கிரேடிங் கட்டணமும் பட்டச் சான்றிதழும் கராத்தே சங்கத்துக்கு அப்படியே. தலைமையகத்துக்குச் செல்லும் கட்டணத்தைத் தாமே வைத்துக்கொள்ளக்கூடிய நிலையை ஒரு மூத்த ஆசிரியர் அடைந்ததும் பிரிவுக்குரிய பொருளாதார நியாயம் உருவாகிறது. கலை வேறுபாடு அதன்பின் தேடப்படுகிறது.

ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம் என்னும் உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதி பிளவைத் தடுக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. நிகழ்ந்ததோ வேறு. அந்த ஓரிடத்தின் விலை உயர்ந்தது. கராத்தே முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெறவிருந்த தறுவாயில், உட்பூசல் மிகுந்திருந்த இந்தியக் கராத்தே சங்கம் 2020இல் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை இழந்தது. தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் ஆண்டுக்கணக்கில் வியர்வை சிந்திய இளைஞர், தாம் ஒருபோதும் வாக்களித்திராத ஒரு சங்கத் தேர்தலின் பூசலுக்காகத் தண்டனை பெற்றனர். இந்த அநீதியை நிருவாகத் தவறு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

ஊவாவின் தோட்டப் பிள்ளைக்கு இப்பிளவு தொலைநாட்டுச் செய்தியன்று. மாஸ்டர் அணி மாறினால் பழைய பட்டி செல்லாது என்று புதிய சங்கம் சொல்லக்கூடும், மீண்டும் கிரேடிங், மீண்டும் கட்டணம், அதைக் கட்டுபவர் நாட்சம்பளத்துக்கு மலையேறும் தாய். உலகப் போட்டிகளிலோ சண்டைப் பிரிவுகள் வயதையும் உடல் நிறையையும் கொண்டு வகுக்கப்படுகின்றனவேயன்றி, எந்த அணியின் பட்டி என்பதைக் கொண்டன்று. பாடசாலை, பிரதேச, மாகாண மட்டப் போட்டிகளிலும் இந்த அளவுகோலையே வைத்து, எந்தச் சங்கத்தின் சான்றிதழையும் நுழைவு நிபந்தனையாக்காமல், களத்தில் காட்டும் கத்தாவையும் பொருதும் திறனையும் மட்டுமே நடுவர் மதிப்பிடுவாராயின், அணிகள் எத்தனை பிரிந்தாலும் அவற்றின் சண்டைக்குப் பிள்ளைகள் கட்டணம் செலுத்த வேண்டியிராது.